மாட்டின் பேரில் ஊற்றிய பால்

எங்கள் ஊரில் தலைப்பிள்ளைக்குக் கோயில் சாமி பேர்தான் வைப்பார்கள். என்னையும் சேர்த்துத் தெருவெல்லாம் அதே பேர். எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பால் சொசைட்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பேர்க்காரர் ஒருவர் செத்துப்போனதும், புரோகிராம் எழுதிய பட்டதாரி, 'இந்தப் பேர் உள்ளவரை நீக்கு' என்று ஒரே வரியில் கட்டளை கொடுத்தார். கம்ப்யூட்டர் தெருவையே நீக்கிவிட்டது.

மறுநாள் பால் கேனோடு நின்றேன். வெயில் ஏற ஏற, பால் திரிந்துவிடுமே என்று கேனை நிழலுக்கு நகர்த்தினேன்.

"நீ கம்ப்யூட்டர்ல இல்ல நைனா. பால் எடுக்க முடியாது," என்றார் கிளார்க்.

"இன்னா சார், எதிர்ல நின்னுகினு கீறேனே!"

"உன் மாடு கீது. மாட்டுக்கு வேற பைலு."

"அப்போ மாட்டு பேர்லயே ஊத்திக்கோ!"

எரிச்சலில்தான் சொன்னேன். அவர் நிம்மதியாக அப்படியே பதிந்துகொண்டார்.

வழியெல்லாம் ஒரே கவலை. ஐந்தாவதோடு நின்ற எனக்காவது கையெழுத்து வரும். பால் பணப் பட்டுவாடா அன்று மாடு என்ன செய்யும்?