ஆனைக்குட்டத்தில் விட்ட மீன்

உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுகிறேன். அரைகுறைச் செய்தி ஆனைக்குட்டம் அணையில் மீன்பிடிப்போரை வீணே பதறச் செய்துவிடும்.

இன்று அங்கே அறுந்த வலையைக் காட்டிய மீனவர், "முதல மூஞ்சியோட ஒரு மீனுய்யா. கெண்டையக் காணவே காணோம்" என்றார்.

அந்த மூஞ்சியைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அப்பா வாங்கிவந்த பெயர் தெரியாத குஞ்சு, எங்கள் கண்ணாடித் தொட்டியின் தங்கமீன்களை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்தது. ஒருநாள் இரையிட்ட அம்மாவின் விரலைக் கிழித்தது.

"கொன்னு போடுங்க" என்றாள் அம்மா.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா உசிரக் கொல்லவா? அணையில விட்டுருவோம், பொழச்சுப் போகட்டும்" என்றார் அப்பா.

வாளியிலிருந்து அது நழுவிய இடத்தில் கெண்டைக்குஞ்சுகள் சிதறி ஓடின.

வலையை அறுத்தது அதே மீனா, அணை வற்றிய கோடைகளில் எப்படிப் பிழைத்தது, அது ஒன்றுதானா என்பது தெரியவில்லை.