புரியாணி இல்லாத வாசனை

மாரி மழை பத்து நாள் விடாமல் பெய்ததில் எங்கள் சாய்ந்தமருது வீடு முழுக்க ஈர வாடை. அதைப் போக்கும் பொறுப்பை நானாகவே தலையில் போட்டுக்கொண்டேன். முதலில் மல்லிகை வாசனை எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினேன். மூன்று துளி போதுமென்று எழுதியிருந்தது. எனக்கு எதிலும் தாராள மனசு, பாதியை ஊற்றினேன். மனைவி இரண்டு நாள் தும்மினாள்.

பிறகு கைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். கறுவா, கராம்பு, ஏலக்காய், றம்பை இலை, தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தால் வீடே மணக்குமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு படிப்பிக்கும் காரைதீவு ரீச்சரும் அவருடைய கணவரும் வருவதாக இருந்தது. காலையிலேயே பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

அவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தோம். ரீச்சரின் கணவர் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வாசனையைத்தான் ரசிக்கிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பதினொன்றரை ஆனது. பன்னிரண்டரையும் ஆனது. அவர்கள் எழும்பவில்லை. மனைவி என்னைக் கண்ணால் முறைத்தாள். அதையும் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ராத்தா ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தா.

"தம்பி, விடியத்தொட்டு வாசம் மூக்கத் துளைக்குது. புரியாணிக்குத் தொட்டுக்க அச்சாறு கொண்டு வந்தன்."

ரீச்சரின் கணவருக்கு முகம் மலர்ந்தது. "நாங்க தேத்தண்ணியோட போகத்தான் வந்த. இந்த வாசத்துக்குப் பிறகு எப்படி எழும்புற?"

"எந்தப் புரியாணி?" என்று கேட்டேன்.

மனைவி எழுந்துபோய்ச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். பழுப்புத் தண்ணீரில் தோடம்பழத் தோல் மிதந்தது.

"இவர் வீட்டுக்கு வாசம் போடுறார்," என்றாள்.

முதலில் சிரித்தவர் ரீச்சர்தான். ராத்தா கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தா. எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லதென்றிருந்தது.

"வாங்க ரீச்சர், அரிசியாவது போடுவம்," என்று மனைவி அடுப்படிக்கு நடந்தாள். ரீச்சர் தேங்காய் துருவினார். ராத்தா சோற்றில் ஊற்றத் தன் வீட்டு மீன் ஆணத்தை எடுத்து வந்தா. எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்தது. அழுதாலும் ஒருவருக்கும் தெரியாது. இரண்டரைக்குச் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல், ஆணம், அச்சாறு. ரீச்சரின் கணவர் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் வெயில் எறித்தது. மனைவி திரைச்சீலைகளையும் மெத்தை உறைகளையும் கழற்றி என் கையில் தந்தாள். மத்தியானம் வரை துவைத்துக் கொடியில் போட்டேன். பின்னேரம் ஈர வாடை பெரும்பாலும் போயிருந்தது. இதைச் சொல்லித்தர ஒரு காணொளியும் தேவைப்படவில்லை.