கூரில்லாத மண்வெட்டி

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னோடு இரும்புக் கடைக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரணிக் கடைத்தெருவில் ஒரு மண்வெட்டி வாங்கினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கடைக்கே போயிருக்க வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வருகிறது என்று நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த மேட்டுப் புறம்போக்கும் அதில் போனது. திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது, ஆடு மாடு எதுவும் அங்கே கட்டாதீர்கள் என்று தலையாரி தெருத் தெருவாய்ச் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பாதிப் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சந்தோஷம். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். என் மனைவி மட்டும் அன்று உலை வைக்கவில்லை.

அந்த மேட்டில்தான் எங்கள் பெண் குழந்தை இருந்தது. பதினோரு மாதக் குழந்தை, அறுபதுகளின் கடைசியில் காய்ச்சலில் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தையை எரிக்க மாட்டோம், ஊரே அந்த மேட்டில்தான் புதைக்கும். பெண்கள் அங்கே வரக்கூடாது. இரண்டு ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போய், குழியை மூடியதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கல் நடக்கூடாது, செடி வைக்கக்கூடாது. அடையாளம் இருந்தால் பெற்றவள் போய் உட்கார்ந்துகொள்வாளாம். எந்த மகராசன் போட்ட சட்டமோ, நாசமாய்ப் போக! நானும் என் மாமனாரும் போனோம். மாமனார் குழிக்கு மண் தள்ளும்போதே நான் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அப்புறமும் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மாப்பிள்ளை அல்லவா நான்.

ஆகவே இடம் எனக்குத் தெரியாது. மாமனாருக்குத் தெரிந்திருக்கும். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மாமா, பாப்பாவ எடுத்துக்கினு வந்துடலாம்," என்றாள் மனைவி. அவள் என் தாய்மாமன் மகள், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நம்ம ஊட்டுக்குப் பின்னால வச்சிக்கலாம். அந்த வண்டி வந்து மேல ஏறுறதுக்கு முன்ன எடுத்துடணும்."

"எங்கன்னு தோண்டுறது? எம்மாம் பெரிய மேடு அது."

"இடுப்புல தாயத்து இருக்குதில்ல? கரண்டு வேலை பார்க்குறவரு பைப்பு தேட ஒரு மிஷினு வச்சிருக்காரே, அதுக்குத் தெரியாதா?"

நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தேன்.

அந்தத் தாயத்து செம்பு. காய்ச்சல் கண்டபோது பழவேற்காட்டுக்குப் போய் மந்திரித்து, அவள் கையாலேயே கட்டியது. துணியில் சுற்றிக் கொடுக்கும்போதும், "அத அவுக்காதீங்க, அதுக்கு பயமா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் குழி ஓரத்தில் என் மாமனார் கயிற்றை அறுத்துத் தாயத்தை ஏரியில் வீசிவிட்டார். கட்டின கட்டோடு புதைத்தால் அடுத்த குழந்தை தங்காதாம். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்தது தங்குவது எங்கே, எங்களுக்கு வரவே இல்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அப்பா என்றால் அவளுக்கு உயிர். ஐந்து வருஷமாக இடி இடித்தாலும் காற்று அடித்தாலும், "தாயத்து கூட இருக்குது, பாப்பா பயப்படாது" என்று தனக்குத்தானே சொல்லித்தான் அவள் படுப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கேட்டுப் பார்க்குறேன்" என்று வந்தது.

அந்தக் கரண்டு வேலைக்காரர் எளாவூர்ப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு கருவியை ஏலக் கடையில் வாங்கிவந்து ரிப்பேர் செய்து, மண்ணுக்குள் போன குழாய்களைத் தேடிக் கொடுப்பார். நீளக் கம்பின் நுனியில் தட்டு, தோளில் பேட்டரிப் பெட்டி, காதில் மாட்ட ஒரு சாமான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை வரேன் நைனா. ஆனா ஒண்ணு, இதுக்கு ஒரு முழத்துக்குக் கீழ காது கேக்காது. மண்ண மெல்லிசா சீவி எடுத்துக்கினே வரணும், நான் மறுபடி மறுபடி வச்சிப் பார்ப்பேன். மம்முட்டிக்கு இரும்புப் பிடி கூடாது, மரம்தான். நான் கேக்கும்போது அதத் தூரமா கொண்டுபோய்ப் போட்டுடணும். கொத்தாத, சீவு. இன்னா புரியுதா?"

எல்லாம் புரிந்தது. இல்லாத தாயத்துக்கு இவ்வளவு பக்குவம் சொல்கிறாரே மனுஷன் என்று நினைத்துக்கொண்டு மண்டையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டு மண்வெட்டி வேண்டாம் என்றாள் மனைவி. அது சாணி அள்ளியது, பாப்பாவுக்கு ஆகாது. எனவே மறுநாள் காலை ஆரணிக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் வயதான பாய். "இன்னா வேலைக்குப்பா?" என்றார். "வாழைக்கன்னு வைக்க" என்றேன். அவர் அகலமான ஒன்றை எடுத்துப் போட்டார். அதன் விளிம்பு பளபளவென்று இருந்தது. "ஒரே போடு, அரை அடி உள்ள எறங்கும், பார்த்துக்க" என்றார். என் மனைவி பின்னால் ஓரடி நகர்ந்துகொண்டாள். அடுத்து வரப்பு வெட்டுகிறது ஒன்று, நுனி குறுகியது. அதையும் அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கடைக்காரர் சளைக்கவில்லை, நல்ல வியாபாரி. கீழே கடப்பாரை, மேலே சாந்து அள்ளுகிற சட்டி வரைக்கும் காட்டிவிட்டார். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவளே குனிந்து, அடுக்கில் இருந்த ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். நான்கைந்து பார்த்திருப்பாள்.

"பாய், இதுல கூரே இல்லாதது இருக்குதா? மேல பட்டா வெட்டாம இருக்கணும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "முப்பது வருசமா கடை வச்சிருக்கேன்மா, கூரு இல்லாத மம்முட்டி கேட்டு வந்த மொத ஆளு நீதான். மொண்ண மம்முட்டிய வச்சிக்கினு இன்னா பண்ணுவ, மண்ணத் தடவிக் குடுப்பியா?"

"ஆமா பாய்," என்றாள் அவள்.

அவள் சொன்ன விதத்தில் அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளே போய், தட்டிச் சீராக்காமல் கிடந்த பழைய சரக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். சின்னது, விளிம்பு தடியாக இருந்தது. அரத்தை எடுத்து, நாங்கள் கேட்காமலே, இரண்டு முனைகளையும் உரசி உருட்டிவிட்டார். வேலமரப் பிடி ஒன்றை மாட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் கொடுத்தார். பஸ்ஸில் அவள் அதை மடியில் படுக்கவைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன், தடிமாடு மாதிரி.

சனிக்கிழமை காலை மேட்டுக்குப் போனோம். பெண்கள் வரக்கூடாத இடத்துக்கு அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை போகப்போகிற இடத்துக்குச் சட்டம் என்ன வேண்டிக் கிடக்கிறது!

எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. தாயத்து இல்லை, கருவி கத்தாது, இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு அவளே அழுது ஓய்ந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்.

ஈச்சம்புதருக்கு அருகில் போனதும் கரண்டு வேலைக்காரர் நின்றார். தட்டை அப்படியும் இப்படியும் ஆட்டினார். "இருக்குது நைனா," என்றார்.

என் மனைவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிரசவம் ஆன அன்று பார்த்த முகம் அது. என்ன இருக்கிறது அங்கே? தாயத்துதான் ஏரியில் கிடக்கிறதே!

சீவினேன். சரளைமண், மொண்ணை மண்வெட்டிக்கு லேசில் மசியவில்லை. நான் ஒரு சீவு சீவினால் அவள் இரு கையாலும் மண்ணை அள்ளி ஓரம் வைப்பாள். இரண்டு முறை கருவியை வைத்துப் பார்த்தோம். முழ ஆழத்தில் வந்தது ஒரு மாட்டு லாடம். துருப்பிடித்து மண்ணோடு ஒட்டியிருந்தது.

"இது இல்ல," என்றாள் அவள். "தேடுங்கண்ணா."

அவர் தேடினார். நாலடி தள்ளிக் கத்தியது. அப்புறம் புதருக்கு அந்தப் பக்கம். அப்புறம் சரிவில் மூன்று இடம். கத்திய இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டோம். பதினோராவது குச்சி நடும்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பு வைக்கிற ஊர் எங்களுடையது. குழந்தையைப் புதைக்கிறவன் மட்டும் வெறுங்கையோடு வருவானா? அடையாளம் வைக்கக்கூடாது என்று மேலே ஒன்றும் வைக்காமல், உள்ளே ஆளுக்கொரு இரும்பை வைத்து மூடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மாமனாரும் மடியில் ஏதோ முடிந்துதான் வந்திருப்பார். நான்தான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே.

இந்த இரும்பு விஷயத்தை அவளிடம் சொன்னேன். குச்சிகளைப் பார்த்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ்ளோ பேரா?" என்றாள்.

பிறகு, "சரி. தாயத்து செம்பு. மிஷினுக்கு செம்பு வேற, இரும்பு வேறன்னு தெரியாதா அண்ணா?"

"தெரியாதும்மா. எல்லாத்துக்கும் ஒரே சத்தம்தான்."

"அப்ப எல்லாத்தையும் தோண்டு மாமா. எதுல தாயத்து இருக்குதோ அது நம்ம பாப்பா." லாடம் எடுத்த குழிக்குள் அவளே கையை விட்டுப் பறிக்க ஆரம்பித்தாள். அந்தக் குழிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தாயத்து இல்லடி," என்றேன். "உங்கப்பா அன்னிக்கே அறுத்து ஏரியில போட்டுட்டாரு."

கரண்டு வேலைக்காரர் கருவியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் கை குழிக்குள்ளேயே இருந்தது.

"நீ இருந்தியா அப்ப?"

"இருந்தேன்."

"அவுக்காதீங்கன்னு சொன்னேனே மாமா."

அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. லாடத்தை எடுத்துப் புடவையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணைக் கையால் தள்ளி மூடித் தட்டினாள். அப்புறம் ஒவ்வொரு குச்சியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் அதிக நேரம், இன்னொரு இடத்தில் கொஞ்ச நேரம். எங்காவது ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள்போல. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அவள் பின்னால் போவதும் நிற்பதுமாக இருந்தேன். அணைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை, வா போகலாம் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. கடைசிக் குச்சியிலிருந்து எழுந்தவள், "தெரியல மாமா" என்றாள். அதற்கு மட்டும்தான் அழுதாள்.

திங்கட்கிழமை புல்டோசர் வந்தது. மேடு இரண்டே நாளில் சமமாகிவிட்டது. அடுத்த வருஷம் அங்கே கொட்டகை எழும்பி, தரைக்குச் சிமெண்ட் போட்டார்கள். உள்ளூர்க்காரன் என்று எனக்கும் அதிலேயே வேலை கிடைத்தது. காலால் உதைத்து வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை. அவளும் போகாதே என்று சொல்லவில்லை. முதல் நாள், தொழிற்சாலையில் கொடுத்த கனமான பூட்ஸை நான் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, உள்ள மெதுவா நட," என்றாள்.

அந்தக் கொட்டகையில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன். "கால்ல இன்னாய்யா வெலங்கா மாட்டியிருக்கு? எப்பப் பாரு நத்த மாதிரி ஊர்ந்துக்கினு!" என்று சூப்பர்வைசர் ஆள்கள் முன்னால் கத்துவார்.

"பழகிப்போச்சு சார்," என்பேன்.