மாற்றிவிட்ட மீன்கள்

கடலூரில் எங்கள் வீட்டில் தங்கை படுக்கும் பாய்க்கு மேலே, ஆணியில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது. அவளுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அதை அமுக்கிவிட்டுத்தான் ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் மேடம் கொடுத்தது அது.

மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். பத்தாவதோடு நின்ற என்னை அண்ணே என்பார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, நீலக்கோடு போட்ட வரிக்குதிரை மீன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்தால் அவற்றுக்கு வலிப்பு வரும்; சுழன்று சுழன்று நீந்தி, பக்கவாட்டில் சாய்ந்து துடிக்கும். முதல் நாள் அதைக் காணப் பொறுக்காமல் வெளியே போய் நின்றேன். மேடம் காரணம் கேட்டதும் தங்கையைப் பற்றிச் சொன்னேன். மூளையில் நடப்பது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மீனுக்குக் கேட்கிற மருந்து ஒருநாள் மனிதருக்கும் கேட்கலாம் என்றார். அதன்பிறகு தொட்டி கழுவும்போதுகூட எனக்குத் தங்கை ஞாபகம்தான். அவர் கறாராகச் சொன்னது ஒன்றுதான்: “செத்த மீனையும் எங்கிட்ட காட்டணும்ணே. அதுவும் ஒரு பதில்தான்.”

புது மருந்து ஒன்றைச் சின்னத் தொட்டியில் மட்டும் பதினைந்து நாள் கலந்துவந்தோம். சோதனைக்கு முதல் நாள் தங்கைக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததால், இரவு ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியவன் கடலூரிலேயே தங்கிவிட்டேன். அன்றைய மழைக்காற்றில் கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் நான்கு மீன்கள் தவிர மற்றதெல்லாம் செத்து மிதந்தன. மேடம் வருவதற்குள் அவற்றை அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் நிறைய இருந்ததால் ஒன்றும் ஆகாத பெரிய தொட்டியிலிருந்து மருந்தே படாத மீன்களைப் பிடித்துச் சின்னத் தொட்டியில் விட்டேன். எல்லாம் ஒரே கோடு, ஒரே அளவு. அவர் திட்டமாட்டார் என்று தெரியும். இருந்தும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு பதினைந்து நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

பொடியைக் கலந்து சோதித்தபோது நான்தான் நேரம் பார்த்துச் சொன்னேன். நான்கு மீன்கள் மட்டும் துடிக்கவில்லை.

“நாலு தப்பிச்சது தற்செயல்ணே. மருந்து கேக்கல,” என்று மேடம் நோட்டை மூடினார். அந்த மருந்தை அதோடு விட்டுவிட்டார்கள்.

மேடம் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது ஸ்டாப்வாட்ச்சை என் கையில் வைத்து, தங்கச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் நேரம் சொல்ல உதவும் என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

போன வாரம் தங்கைக்கு மறுபடி வந்தது. தெளிந்ததும், வாயைத் துடைத்துவிட்ட என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்ளோ நேரம்ணே? ஒன் மீனவிட ஜாஸ்தியா?”

எப்போதும் கேட்கிற கேலிதான். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துச் சொன்னேன். அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.