கண்ணாடித் தாளுக்குள் பிள்ளை முகம்

பதினான்கு படங்களுக்கும் நான்தான் லேமினேஷன் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு படத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிச் சின்னமனூர் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக மிஷினுக்குள் விட்டு, மறுபக்கம் சூடாகப் பளபளவென்று உருவினார்.

"இனி நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. தண்ணியில போட்டாலும் மிதக்கும்."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நான் நிம்மதியாக இருந்த நாள் எதுவும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

அவை அயர்லாந்துக்கார அம்மா ஒருவர் வரைந்தவை. முப்பது வருடத்துக்கு முன் மேகமலை பார்க்க வந்தவர், மலையில் மழை பிடித்துக்கொள்ள, ஓடைப்பட்டியிலேயே தங்கிவிட்டார். தினமும் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து கரித்துண்டால் வரைவார். பந்தல், கல்தூண், குலை வெட்டும் பெண்கள் என்று பதின்மூன்று படம். பதினான்காவது, வேப்பமரத்தில் கட்டிய தூளியில் தூங்கிய என் மூத்த பிள்ளை. அப்போது அவனுக்கு ஏழு மாதம்.

ஒரு வருடம் நிறையாத பிள்ளையைப் படம் எடுக்கவோ வரையவோ கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தம்மாவுக்கு அது தெரியாது. நான் களை எடுத்துவிட்டு வந்து பார்த்தபோது முகத்தை முடித்திருந்தார். "கிழிச்சு அடுப்புல போடு ஆத்தா" என்றார் மாமியார். நான் போடவில்லை. பத்து நாளில் காய்ச்சல் கண்டது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான்காம் நாள் வெறுங்கையோடு திரும்பினோம். ஊரை விட்டுப் போகும்போது அந்தம்மா எல்லாப் படங்களையும் என்னிடமே கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனார்.

அந்தப் படத்தால்தான் போனான் என்று வெகுகாலம் நம்பினேன். இப்போது நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவனுக்கு வேறு படம் கிடையாது.

அவனுக்குப் பின் பிறந்த மகள் இப்போது டப்ளினில் நர்ஸ். போன வருடம் அவள் பிரசவத்துக்குத் துணையாகப் போனேன். அந்த ஊரில், அந்நாட்டு ஓவியர்களுக்கென்றே பொது ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஓவியர் ஒருவருக்கு ஒரு கோப்பு. படம், கடிதம், கண்காட்சி அழைப்பிதழ் என்று எது கிடைத்தாலும் அதில் சேர்ப்பார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம், யாரும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நான் கிளம்பும் முன்பே, படத்தின் அடியில் இருந்த பெயரை வைத்து மகள் விசாரித்ததில் அந்தம்மா இறந்துவிட்டது தெரிந்தது. அவர் கோப்பில் இந்தியாவைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, கொண்டுவாருங்கள் என்று பதில் போட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன்; பதின்மூன்றைக் கொடுத்துவிட்டுப் பதினான்காவதைக் காட்டிவிட்டு மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். ஆபீஸ் என்றாலே கை வியர்க்கும். அங்கே பையை வெளியே வைக்கச் சொன்னார்கள், பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். என்ன தப்புச் செய்யப்போகிறேன் என்று அப்போதே பயம் பிடித்தது. நரைத்த முடியோடு ஓர் அலுவலர் அம்மா வந்தார். நான் படங்களை மேசையில் பரப்பினேன். அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு என் மகளை மட்டும் பார்த்து மெதுவாகப் பேசினார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இதென்ன ரேசன் கார்டா? யாரக் கேட்டுப் போட்ட?"

"பூச்சி அரிச்சிருச்சுத்தா. ஒன் மார்க்சீட்டுக்கும் நாந்தான போட்டேன்?"

"அது அச்சு. இது வெறுங் கரிம்மா. சூட்டுல பசை இளகிக் கரியப் பிடிச்சுக்கிருச்சாம்."

"உரிச்சா?"

"தாளு ஒரு பக்கம், மொகம் பிளாஸ்டிக்கோட ஒரு பக்கம் போயிரும்ங்கிறாக."

"உரிக்காட்டி?"

"பசை மஞ்சளாப் பழுத்துரும். நம்ம ஊரு வெக்கையில வெரசா ஆயிரும். இங்கன குளிர்ந்த அறையில வச்சா கொஞ்சம் தாங்குமாம். சரிபண்ணத் தெரிஞ்ச ஆளக் கேட்டுப் பாப்பாகளாம். ஆனா உறுதி சொல்லலம்மா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்க ஆளில்லை, அவன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனால் என் கண் முன்னாலேயே பழுப்பான். விட்டுவிட்டு வந்தால் கடல் தாண்டி இருப்பான்.

"இங்கன தீப்பிடிச்சா?" என்றேன்.

மகள் கேட்டுச் சொன்னாள். "அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்காம்."

"இந்தம்மா மாத்தலாகிப் போயிட்டா? அடுத்து வர்ற ஆளு, இது யாரு பெத்த பிள்ளையோன்னு தூக்கிப் போட்டுட்டா?"

"யம்மா, பேசாம இரு. அச்சா ஒரு நகல் எடுத்துத் தாராகளாம்."

நகல் என்றதும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பதினான்கையும் தருவதாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடுக்கி, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டோம். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. சட்டென்று திரும்பி நடந்தேன்.

"எங்கம்மா போற? பஸ் வருது!"

"பிளாஸ்டிக்கத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன நான் பாக்கலடி."

"இப்பத்தான குடுத்த? வீட்டுல பிள்ள பாலுக்கு அழுவும்மா."

"அஞ்சு நிமிசம் ஆத்தா. ஒன் அண்ணன்டி."

திரும்பிப் போனோம். உள்ளே போன பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டுமாம். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதற்காக. எதற்காக என்ற கடைசிக் கட்டத்தில் மகள் கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ எழுதினாள்.

படத்தைக் கொண்டுவந்து மெத்தையான ஒரு துண்டின் மேல் வைத்தார்கள். கையில் தூக்கக் கூடாது. மேசை விளக்கின் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுக் கண் கூசியது. ஒரு பக்கம் சாய்ந்தால் நெற்றி தெரிந்தது, மறுபக்கம் சாய்ந்தால் தூளித் துணி. முழு முகம் அகப்படவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்தேன். அந்த அலுவலர் அம்மா பார்த்துக்கொண்டே இருந்து, பக்கத்தில் வந்து விளக்கை அணைத்தார்.

தெரிந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உதட்டோரம் கரி கலங்கியிருந்தது. மிஷினில் இளகிக் கலங்கியதா, அந்தம்மா விரலால் தேய்த்துவிட்டதா, இல்லை உண்மையிலேயே தூக்கத்தில் உதடு அப்படித்தான் கோணுமா? குனிந்து குனிந்து பார்த்தேன். பெற்றவளுக்கு நினைவு வரவில்லை.