மிளகாய்க் களத்தில் ஹெலிகாப்டர்

நாகலாபுரத்தில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர்களையும் கிணற்று எஞ்சின்களையும் பழுதுபார்த்து வந்த மாயகிருஷ்ணன், 1998-இல் தானே ஒரு ஹெலிகாப்டர் செய்தார். ஒருவர் உட்காரலாம். தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த சட்டம், தலைக்கு மேல் இரண்டு தேக்கு இறக்கைகள், வாலில் சின்ன விசிறி. தரையில் நிற்க இரண்டு நீளக் குழாய்களே கால்கள். எஞ்சின் மட்டும் ஒரு பழைய வேனுடையது. தோட்டத்துக் கிணற்றில் மாட்டவென்று வாங்கியது. அதை அவர் மனைவி சந்தனமாரி மறக்கவில்லை.

கோடையில் தன் தரிசில் இறக்கைகளைச் சுழற்றினார். புழுதி எழுந்து கண்ணையும் கார்புரேட்டரையும் அடைத்தது. மழை பெய்து புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தார். சரியான யோசனைபோலத்தான் இருந்தது.

ஐப்பசி மழை விட்ட மறுநாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தரிசுக் காட்டுக்கு நடந்தார். ஈரக் கரிசலில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். செருப்போடு போனால் மண் அப்பி, கால் தூக்க முடியாமல் கனத்துவிடும். ஏறி உட்கார்ந்து விசையைக் கூட்டினார். ஹெலிகாப்டரின் இடது கால் மண்ணைவிட்டுக் கிளம்பியது. வலது கால் கிளம்பவில்லை. வண்டி வலப்பக்கம் சாய, இறக்கைகள் தரையில் அடித்துச் சிதறின. முழங்கைச் சிராய்ப்போடு வெளியே வந்தார்.

"ஒங்க செருப்ப மட்டும் கழட்டிக் கையில வச்சுக்கிட்டீங்க. அதோட ரெண்டு காலையும் சகதியில ஊன விட்டுட்டீங்களே!" என்றாள் சந்தனமாரி. சிரிப்பை அடக்கவும் இல்லை. "இன்னொரு தடவ. அப்பவும் எந்திரிக்கலன்னா எஞ்சின் கிணத்துக்குப் போவுது."

ஒத்துக்கொண்டார். எஞ்சினையோ காற்றையோ அவர் குறைசொல்லவில்லை. "பறக்குததப் பத்தியே நெனச்சேன், நிக்குததப் பத்தி நெனக்கல" என்றார். இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றவுடன் தன் காலடியைப் பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

புது இறக்கைகள் தை மாதம் தயாராயின. புழுதியும் சகதியும் இல்லாத தரை ஊரில் ஒன்றுதான்: மிளகாய் காயவைக்கும் சிமெண்டுக் களம். அதன் பொறுப்பாளர் சாமித்துரை யோசித்தார்.

"மாசி பொறந்தா வத்தல் வந்துரும். அதுக்கு முன்னால முடிச்சிரும். பறந்து எங்கயும் போயிராதேயும், நான்தான் பதில் சொல்லணும்."

"போனா ஒம்மகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

போகாமலிருக்க மாயகிருஷ்ணனே ஏற்பாடு செய்திருந்தார். குழாய்க் கால்களில் நாலு கயிறு கட்டி, ஒவ்வொன்றையும் மண்மூட்டையில் முடிந்தார். கயிறுகள் தொய்வாகத் தரையில் கிடந்தன.

காலையில் இறக்கைகள் சுழன்றன. போன வருஷத்து மிளகாய்த் தூசி முழுக்கச் சிமெண்டு வெடிப்புகளிலிருந்து கிளம்பியது. வேடிக்கை பார்க்க வந்த ஊரே தும்மியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிய சாமித்துரை எதையும் பார்க்கவில்லை. நானும் சரியாகப் பார்க்கவில்லை. ஆகவே, பறந்தது என்று எழுத மாட்டேன்.

சந்தனமாரி மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, களத்தோரம் குத்தவைத்து, கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு கயிறும் வெறைச்சு நிக்குது!" என்று கத்தினாள். "போதும், எறங்குங்க! கிணத்துக்கு வேற எஞ்சின் பாப்போம்!"