நீட்டிக்கொண்டிருந்த ஒன்பது கற்கள்

எங்கள் ஊரான பெருமாட்டியில், பெரியப்பா வீட்டின் மேற்குச் சுவரில் ஒன்பது கருங்கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு முழம். புதிதாகப் பார்ப்பவர்கள் மச்சுக்கு ஏறும் படி என்று நினைப்பார்கள். கீழிருந்து மூன்றாவதில் பெரியம்மா பால் போசியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். போகும்போதெல்லாம் எண்ணுவேன். கல் எங்கும் போய்விடாது. எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அது முதலில் வெளிச்சுவரே அல்ல. தாத்தா கட்டிய வீடு இதைப்போல இரண்டு மடங்கு நீளம். இரண்டடி கனத்தில் பூசாத கல்சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். பாகப்பிரிவினையில் கிழக்குப் பாதி பெரியப்பாவுக்கு, மேற்குப் பாதி அப்பாவுக்கு. அப்பாவுக்குக் கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீட்டின்மேல் ஆசை. தன் பாதியை இடிக்க ஆள் கூட்டி வந்தபோது, நடுச்சுவரோடு குறுக்குச்சுவர் கோத்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டிப் பெரியப்பா கேட்டாராம்: "ஒரே கல்லு. பாதி உன்ற ஊட்டுல, பாதி என்ற ஊட்டுல படுத்திருக்குது. இதை எப்படிடா பிரிப்பே?"

அப்பா இடித்தார். அந்த ஒன்பதை மட்டும் உருவ முடியவில்லை. உருவினால் அண்ணன் வீடும் சரியும் என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

அப்பா கடைசிவரை அங்கே வீடு கட்டவில்லை. வேலை மாற்றல் வந்தது. பிறகு வாடகை வீடே பழகிவிட்டது. நீட்டியதை வெட்டிவிடச் சொன்னவர்களிடம் பெரியப்பா ஒன்றையே சொன்னார்: "அவன் கட்ட வந்தா, கோத்துப் பிடிக்கறதுக்கு வேணுமல்லோ."

ஆடிச் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும்போது அந்தக் கற்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கும். அவர் கட்டிலின் தலைமாட்டில் சுவர் பச்சை பூத்திருக்கும். "தம்பி வர்றாரோ இல்லியோ, தண்ணி வருசம் தவறாம வந்துருது" என்பார் பெரியம்மா. பெரியப்பா கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

மூவரும் இப்போது இல்லை. போன மாதம் பெரியப்பாவின் மகன் போனில் பேசினான். கற்கள் என் பங்கு நிலத்தின்மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் என்னைக் கேட்க வேண்டுமாம். "சுவரு ஊறி உப்பீருச்சுங்ணா. வெட்டிக்கட்டுங்களா?"

முழங்கால் வலியோடு, இரண்டு பஸ் மாறிப் போனேன். காலி மனையில் நின்று யோசித்தேன். இந்த வயதில் நான் கட்டப்போவதில்லை. என் பிள்ளைகளுக்கு வழியே தெரியாது. வெட்டிக்கொள் என்றேன்.

சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே இருந்த பாதிகள் மண்ணில் கிடந்தன. உள்பாதிகள் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன. மழையில் கறுத்துப்போன சுவரில் வெட்டிய முகங்கள் மட்டும் வெளேரென்று, ஒன்றன்மேல் ஒன்றாக, ரோட்டிலிருந்தே தெரிந்தன. பஸ் வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதுதான்.